வீட்டு வைஃபையும் சேமிச்சு வச்ச பாஸ்வேர்டும்: எதுக்கப்புறம் எதுன்னு வரிசையா ஒரு முழு வழிகாட்டி

சொந்தக்காரங்க வீடு, பக்கத்து பிளாட்டு, தெரிஞ்சவங்க கடைன்னு ஒரு இருபது இடத்துலயாவது உக்காந்து வைஃபை செட் பண்ணி குடுத்திருக்கேன். என்ன செய்யணும்னு பாதி பேருக்கு தெரியுது, வரிசை மாறிப்போய்தான் சிக்கிக்கிறாங்க. வைஃபை பாஸ்வேர்டை முதல்ல மாத்திட்டு ரவுட்டருக்குள்ள திரும்ப போக முடியாம நிப்பாங்க, மெயிலை விட்டுட்டு ஷாப்பிங் ஆப் பாஸ்வேர்டெல்லாம் மாத்திட்டு இருப்பாங்க. அதனால கீழ இருக்கற வரிசையை மாத்தாம பண்ணுங்க.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம் மனசுல இருக்கட்டும். ரவுட்டருக்கு ரெண்டு பாஸ்வேர்ட் உண்டு. ஒண்ணு போன்ல போட்டு நெட்டு எடுக்கறது, அது வைஃபை பாஸ்வேர்ட். இன்னொண்ணு அந்த டப்பாவோட செட்டிங்ஸ்குள்ள போறது, அது அட்மின் பாஸ்வேர்ட். நான் பாத்த பெரும்பாலான வீட்டுல ரெண்டாவது ஒண்ணு இருக்கறதே தெரியாது, அதனால வாங்கின அன்னைக்கு என்ன இருந்துச்சோ அதுவேதான் இன்னைக்கும் இருக்கும்.

1. உக்காறதுக்கு முன்னாடி எடுத்து வைங்க

ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்க. வீட்டுல யாருக்கும் ஆன்லைன் மீட்டிங்கோ பரீட்சையோ இல்லாத நேரமா பாருங்க, ஏன்னா நடுவுல ரெண்டு மூணு தடவை நெட்டு போகும்.

ஒரு நோட்டு, பேனா. நெட்டு கம்பெனியோட கஸ்டமர் கேர் நம்பரையும் உங்க கஸ்டமர் ஐடியையும் முதல் பக்கத்துல எழுதிடுங்க, நெட்டு போனதுக்கப்புறம் அதை தேடுறதுக்கும் நெட்டுதான் வேணும்.

ஒரு லேன் கேபிள். லேப்டாப்பை ரவுட்டரோட கேபிள்ல மாட்டி வேலை செஞ்சா வைஃபை பேரு பாஸ்வேர்டு மாறும்போது நீங்க வெளிய தள்ளப்பட மாட்டீங்க. கேபிள் இல்லன்னா போன்லயும் பண்ணலாம், ஆனா ஒவ்வொரு சேவ்க்கும் திரும்ப கனெக்ட் பண்ணிட்டே இருக்கணும்.

வீட்டுல வைஃபைல இருக்கற எல்லா சாமானையும் எழுதுங்க. போன் எத்தனை, டிவி, லேப்டாப், கேமரா, ஸ்மார்ட் பல்பு, பிரிண்டர்னு எல்லாம். இந்த லிஸ்ட்டு பின்னாடி ரெண்டு இடத்துல வேலைக்கு வரும்.

கடைசியா ரவுட்டர் அடியில ஒட்டியிருக்கற ஸ்டிக்கரை போட்டோ எடுங்க. இங்க ஒரு எச்சரிக்கை. ஒரு வீட்டுல டப்பா சுவத்துல உயரத்துல மாட்டியிருந்துச்சு, ஸ்டிக்கர் பின்பக்கம். அவரு டப்பாவை அப்படியே கழட்டி திருப்பினாரு, பின்னாடி மெல்லிசா வர்ற ஃபைபர் ஒயர் மடங்கிடுச்சு, எல்ஓஎஸ்னு போட்ட லைட்டு, அதாவது லைன்ல சிக்னல் போச்சுன்னு காட்டறது, சிவப்பா சிமிட்ட ஆரம்பிச்சுது, லைன்மேன் வர்றதுக்கு ரெண்டு நாள் ஆச்சு. ஃபைபர் உள்ள கண்ணாடி இழைங்க, சாதா கரெண்டு ஒயர் மாதிரி மடக்கக்கூடாது. டப்பாவை நகட்டாம போனை கீழ விட்டு போட்டோ எடுத்தா போதும்.

அப்புறம் அந்த சின்ன ஓட்டைக்குள்ள இருக்கற ரீசெட் பட்டன் பக்கமே போகாதீங்க. கம்பெனி குடுத்த ஃபைபர் டப்பால அதை அமுக்கினா லைனுக்கான யூசர்நேம் பாஸ்வேர்டு உட்பட எல்லாம் அழிஞ்சு போக வாய்ப்பிருக்கு, அப்புறம் அவங்க வந்து போட்டாதான் நெட்டு வரும்.

2. ரவுட்டருக்குள்ள போறது

பிரவுசர்ல மேல அட்ரஸ் அடிக்கற இடத்துல 192.168.1.1 இல்லன்னா 192.168.0.1 போடுங்க. ஸ்டிக்கர்லயே இருக்கும். இல்லன்னா போன்ல வைஃபை பேரை தொட்டு டீடெயில்ஸ் பாத்தா கேட்வேன்னு ஒரு நம்பர் காட்டும், அதுதான்.

புதுசா பண்றவங்க தடுமாறுற இடம் ரெண்டு. ஒண்ணு, இந்த நம்பரை கூகுள் தேடுற பெட்டியில போட்டுட்டு வர்ற வெப்சைட்டை தொறக்கறாங்க, அதுல எதையாவது டைப் பண்ணிடாதீங்க. இன்னொண்ணு, போன்ல மொபைல் டேட்டா ஆன்ல இருக்கும், போன் அந்த பக்கமா தேடிப் பாத்துட்டு பேஜ் வரலன்னு சொல்லும். டேட்டாவை ஆஃப் பண்ணிட்டு பண்ணுங்க. பாதுகாப்பு இல்லாத பேஜ்னு பிரவுசர் ஒரு வார்னிங் காட்டினா பயப்பட வேண்டாம், வீட்டுக்குள்ள இருக்கற டப்பாவுக்கு வெளி சான்றிதழ் இருக்காது, அதான். அட்ரஸ் சரியா அந்த நம்பர்தானான்னு மட்டும் பாத்துக்கோங்க.

லாகின் ஸ்டிக்கர்ல இருக்கறது வேலை செய்யலன்னா கஸ்டமர் கேர்ல கேளுங்க. சில கம்பெனி தங்களோட ஆப் வழியாதான் மாத்த விடுவாங்க.

3. முதல்ல அட்மின் பாஸ்வேர்ட்

வேற எதையும் தொடாதீங்க, முதல்ல இது. காரணம் எளிசு. வைஃபை பாஸ்வேர்டை நீங்க எத்தனை தடவை மாத்தினாலும், வீட்டுக்கு வந்து வைஃபை வாங்கின ஒருத்தர் போன்ல ஒரு கெட்ட ஆப் இருந்தா அது உள்ள இருந்தே அட்மின்னு அடிச்சு உள்ள போய் டிஎன்எஸ் செட்டிங்கை, அதாவது நீங்க அடிக்கற வெப்சைட் பேரு எந்த கம்ப்யூட்டருக்கு போகணும்னு சொல்ற இடத்தை, மாத்திடும். அதுக்கப்புறம் நீங்க பேங்க் அட்ரஸை சரியா அடிச்சாலும் வேற எங்கயாவது கூட்டிட்டு போக முடியும்.

2016ல மிராய்னு ஒரு வைரஸ் லட்சக்கணக்கான கேமரா, கேமரா படத்தை பதிவு பண்ற டிவிஆர் டப்பா, ரவுட்டரை பிடிச்சுது. அதுகிட்ட பெரிய மந்திரம் ஒண்ணும் இல்ல, கம்பெனில இருந்து வர்ற அறுபது சொச்சம் டீஃபால்ட் யூசர்நேம் பாஸ்வேர்டு ஜோடியை வரிசையா போட்டு பாத்துச்சு, அவ்ளோதான். உங்க வீட்டு சிசிடிவிக்கும் இதே கதைதான், அதோட பாஸ்வேர்டையும் இன்னைக்கே மாத்துங்க.

புது அட்மின் பாஸ்வேர்டை முதல்ல நோட்டுல எழுதுங்க, எழுதினதை பாத்து டைப் பண்ணுங்க. டைப் பண்ணிட்டு அப்புறம் எழுதறவங்கதான் மறக்கறாங்க. சேவ் பண்ணதும் லாக் அவுட் பண்ணி புதுசை போட்டு உள்ள போய் பாத்துட்டு அடுத்ததுக்கு வாங்க.

4. அப்டேட்டு, அப்புறம் மூணு கதவை மூடறது

ஃபர்ம்வேர்ங்கறது ரவுட்டருக்குள்ளயே ஓடற சாஃப்ட்வேர். ஃபர்ம்வேர் அப்டேட்னு ஒரு பக்கம் இருந்தா இப்பவே பண்ணிடுங்க. சில மாடல்ல அப்டேட்டுக்கு அப்புறம் செட்டிங்ஸ் பழையபடி மாறிடும், கடைசியில பண்ணா பண்ண வேலையெல்லாம் போயிடும், அதனாலதான் இங்க வச்சிருக்கேன். அப்டேட் ஓடும்போது கரெண்ட் போகக்கூடாது, இன்வெர்ட்டர் இல்லாத வீடுன்னா பவர் கட் இல்லாத நேரமா பாத்துக்கோங்க. கம்பெனி டப்பால இந்த ஆப்ஷனே தெரியாம இருக்கலாம், அவங்களே தூரத்துல இருந்து பண்ணுவாங்க.

அடுத்து டபிள்யூபிஎஸ். பட்டனை அமுக்கினா பாஸ்வேர்டு இல்லாமலே கனெக்ட் ஆகுமே அதுதான். ஆஃப் பண்ணுங்க. அதோட பின் 8 இலக்கம், பாத்தா பத்து கோடி சாத்தியம் மாதிரி தெரியும், ஆனா கடைசி இலக்கம் மத்த ஏழுல இருந்து கணக்கு போட்டு வர்றது, அதோட ரவுட்டர் அதை ரெண்டு பாதியா பிரிச்சு தனித்தனியா சரி தப்பு சொல்லுது, அதனால மொத்தம் 11,000 தடவை முயற்சி பண்ணாலே போதும்னு 2011லயே கண்டுபிடிச்சுட்டாங்க. நீங்க எவ்ளோ நீளமா பாஸ்வேர்டு வச்சாலும் இந்த கதவு தொறந்திருந்தா அதுவே கையில கிடைச்சிடும்.

ரிமோட் மேனேஜ்மென்ட், அதாவது வெளி இன்டர்நெட்ல இருந்து ரவுட்டர் பேஜை தொறக்க விடறது, அதையும் ஆஃப் பண்ணுங்க. யூபிஎன்பியும் அப்படித்தான், வீட்டுக்குள்ள இருக்கற எந்த சாமானும் உங்ககிட்ட கேக்காம வெளிக்கதவை தொறந்துக்கலாம்னு அர்த்தம் அது. ஆஃப் பண்ணதுக்கப்புறம் ஏதாவது கேமோ கேமராவோ வேலை செய்யலன்னா திரும்ப ஆன் பண்ணிக்கலாம், பெரும்பாலும் தேவைப்படாது.

5. வைஃபை பேரு, செக்யூரிட்டி, பாஸ்வேர்டு: மூணும் ஒரே சேவ்ல

இந்த மூணையும் தனித்தனியா சேவ் பண்ணா வீட்டுல எல்லா போனும் மூணு தடவை கழண்டு மூணு தடவை ஒட்டணும். எல்லாத்தையும் நிரப்பிட்டு ஒரே தடவை சேவ் பண்ணுங்க. வைஃபை போற அலைவரிசை ரெண்டு, 2.4, 5 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு பக்கம் தனியா இருந்தா ரெண்டுலயும் பண்ணணும், ஒண்ணை மட்டும் மாத்திட்டு இன்னொண்ணுல பழைய பாஸ்வேர்டு கிடக்கறதை நான் நிறைய வீட்டுல பாத்திருக்கேன்.

பேரை மாத்துங்க. பழைய பேரையே வச்சுட்டு பாஸ்வேர்டை மட்டும் மாத்தினா ஒவ்வொரு போனும் பழைய பாஸ்வேர்டையே போட்டு முட்டிட்டு இருக்கும், ஒவ்வொண்ணுலயும் ஃபர்கெட் குடுத்து திரும்ப சேக்கணும். புது பேருன்னா அந்த குழப்பம் இல்ல. வீட்டு நம்பர், உங்க பேரு, ரவுட்டர் மாடல் இதெல்லாம் பேர்ல வேண்டாம்.

செக்யூரிட்டிங்கறது வைஃபையை எந்த முறையில பூட்டறதுங்கறது. அதுல டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 ரெண்டும் கலந்த மோடு இருந்தா அதை எடுங்க. இல்லன்னா டபிள்யூபிஏ2, ஏஇஎஸ். டிகேஐபின்னு இருக்கறதும் டபிள்யூஇபின்னு இருக்கறதும் வேண்டவே வேண்டாம், ரெண்டும் உடைஞ்சு பல வருஷமாச்சு.

இப்ப பாஸ்வேர்டு, இதுல கொஞ்சம் நின்னு யோசிங்க. நான் போன வீட்டுல பாதிக்கு மேல வைஃபை பாஸ்வேர்டு அந்த வீட்டு ஆளோட மொபைல் நம்பர்தான். டபிள்யூபிஏ2ல உங்க போன் ரவுட்டரோட சேரும்போது ரெண்டும் நாலு மெசேஜ் பரிமாறிக்கும், அதை ரோட்டுல வண்டியை நிறுத்திட்டு ஒருத்தன் லேப்டாப்புல பிடிச்சு எடுத்துட்டு போயிடலாம். அப்புறம் அவன் வீட்டுல உக்காந்து ஒவ்வொரு பாஸ்வேர்டா போட்டு பாப்பான், உங்க ரவுட்டருக்கு அது தெரியவே தெரியாது. இந்திய மொபைல் நம்பர் 6, 7, 8, 9ல ஆரம்பிக்கும், மொத்தம் 400 கோடி சாத்தியம். ஒரு நல்ல கேமிங் கிராபிக்ஸ் கார்டு நொடிக்கு பத்து லட்சம் பாஸ்வேர்டு போட்டு பாக்கும். கணக்கு போடுங்க, 4,000 நொடி, ஒரு மணி நேரம் கொஞ்சம் கூட. உங்க நம்பர் எதுன்னே தெரியாதவனுக்கே இவ்ளோதான் நேரம்.

அதனால ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத நாலு சொல்லு எடுங்க, கொய்யா, திண்ணை, சைக்கிள், பூட்டு மாதிரி. இதையே எடுக்காதீங்க, கண்ண மூடிட்டு வீட்டை ஒரு சுத்து நினைச்சு பாத்து உங்களோடது எடுங்க. ஆங்கில எழுத்துல எல்லாம் சின்ன எழுத்தா, நடுவுல ஒரு ரெண்டு நம்பர். இருபது எழுத்து வந்துடும். பெரிய எழுத்து, ஆச்சரியக்குறி எல்லாம் தேவையில்ல, அதையெல்லாம் டிவி ரிமோட்ல ஒவ்வொரு அம்புக்குறியா அமுக்கி அடிக்கறதுக்குள்ள பொறுமை போயிடும், நீளம்தான் பலம் குடுக்குது. பழமொழி, பாட்டு வரி, குழந்தை பேரு வேண்டாம்.

6. திரும்ப சேக்கறதும் கெஸ்ட் நெட்வொர்க்கும்

லிஸ்ட்டை எடுத்து வச்சுட்டு ஒவ்வொண்ணா சேத்து டிக் போடுங்க. ஸ்மார்ட் பல்பு, பிளக், கேமரா பெரும்பாலும் 2.4ல மட்டும்தான் வேலை செய்யும், அது சேர மாட்டேங்குதுன்னா 5ஐ கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணிட்டு சேத்து பாருங்க.

எல்லாம் சேந்ததும் ரவுட்டர்ல கனெக்டட் டிவைஸ் பக்கத்தை தொறந்து எண்ணுங்க. உங்க லிஸ்ட்டை விட கூட இருந்தா எதுன்னு ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணி கண்டுபிடிங்க. பாஸ்வேர்டு இப்பதான் மாத்தினதால வெளி ஆள் இருக்க வாய்ப்பு குறைவு, பெரும்பாலும் மறந்து போன பழைய டேப்லெட்டாத்தான் இருக்கும்.

கெஸ்ட் நெட்வொர்க், அதாவது அதே ரவுட்டர்ல விருந்தாளிக்குன்னு தனியா ஒரு வைஃபை, இருந்தா ஆன் பண்ணி, அதுக்கு வேற பாஸ்வேர்டு போட்டு, விருந்தாளிக்கும் அந்த கேமரா பல்பு வகையறாவுக்கும் அதை குடுங்க. உங்க லேப்டாப் இருக்கற பக்கம் அதுங்க வராது. டிவியை மட்டும் மெயின்லயே வைங்க, கெஸ்ட்ல போட்டா போன்ல இருந்து டிவிக்கு படம் அனுப்ப முடியாது.

வைஃபை பேரை மறைச்சு வைக்கறது, மேக் அட்ரஸ் ஃபில்டர் (ஒவ்வொரு சாமானுக்கும் இருக்கற அடையாள நம்பரை பாத்து உள்ள விடறது), இது ரெண்டுலயும் நேரத்தை விடாதீங்க. மறைச்ச பேரை இலவச ஆப் வச்சே கண்டுபிடிச்சுடலாம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14ல இருந்து போனே வேற மேக் அட்ரஸ் காட்டுது, ஃபில்டர் போட்டா உங்க வீட்டு ஆளுங்கதான் வெளிய நிப்பாங்க.

இன்னொண்ணு, வைஃபை ஷேர் பண்ற க்யூஆர் கோடுக்குள்ள பாஸ்வேர்டு அப்படியே எழுத்தா இருக்கு. அதை ஃபேமிலி குரூப்புல போடறதும் பாஸ்வேர்டை எழுதி போடறதும் ஒண்ணுதான்.

7. பாஸ்வேர்டு எங்கெங்க கிடக்குதுன்னு முதல்ல பாருங்க

வைஃபை முடிஞ்சுது, ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. இல்ல நாளைக்கு வச்சுக்கலாம், ஒரே மூச்சுல பண்ணா இதுலதான் தப்பு வரும்.

பிரவுசர்ல சேமிச்சது, போன்ல சேமிச்சது, டைரி, வாட்ஸ்அப்ல தனக்குத்தானே அனுப்பிக்கிட்டது, காண்டாக்ட்ல பேங்க்னு பேரு போட்டு சேவ் பண்ண நம்பர். எல்லா இடத்தையும் எழுதிக்கோங்க, எதையும் இன்னும் அழிக்காதீங்க.

குரோம்ல சேமிச்ச பாஸ்வேர்டை பாக்கறதுக்கு விண்டோஸ் பின் போதும். வீட்டு கம்ப்யூட்டர் பின் 1234ன்னா, அது தெரிஞ்ச எல்லாருக்கும் உங்க எல்லா பாஸ்வேர்டும் தெரியும்னு அர்த்தம். அந்த பின்னை இன்னைக்கே மாத்துங்க.

8. எல்லாத்துக்கும் முன்னாடி மெயில்

எந்த ஆப்ல ஃபர்காட் பாஸ்வேர்டு அமுக்கினாலும் லிங்க் பெரும்பாலும் மெயிலுக்குத்தான் போகுது. மெயில் போச்சுன்னா நீங்க மத்ததுக்கெல்லாம் போட்ட புது பாஸ்வேர்டு அத்தனையும் வீண். அதனால மெயில் பாஸ்வேர்டை முதல்ல மாத்துங்க, வேற எங்கயும் போடாத நாலு சொல்லு.

மாத்தின கையோட டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன், அதாவது பாஸ்வேர்டுக்கு அப்புறம் இன்னொரு கோடும் கேக்கறதை, ஆன் பண்ணுங்க. எஸ்எம்எஸ் விட ஆத்தென்டிகேட்டர் ஆப் நல்லது, உங்க நம்பருக்கு வேற ஒருத்தன் ஏமாத்தி டூப்ளிகேட் சிம் வாங்கிட்டா எஸ்எம்எஸ் அவனுக்கு போயிடும். ஆப்ல முப்பது நொடிக்கு ஒரு தடவை மாறுற ஆறு இலக்கம் உங்க போன்லயேதான் உருவாகுது.

இதை ஆன் பண்ண அடுத்த நிமிஷம் பேக்கப் கோடு எடுங்க, போன் கையில இல்லாதப்ப உள்ள போறதுக்கு. கூகுள் பத்து கோடு குடுக்கும், ஒவ்வொண்ணும் ஒரு தடவை வேலை செய்யும். கையால காகிதத்துல எழுதுங்க. எனக்கு தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க இதை விட்டுட்டாங்க, பஸ்ல போன் தொலைஞ்சுது, ஆத்தென்டிகேட்டர் அந்த போன்லயேதான் இருந்துச்சு, பாஸ்வேர்டு தெரிஞ்சும் பதினோரு நாள் மெயிலுக்குள்ள போக முடியல. பையனோட காலேஜ் அட்மிஷன் மெயில் அதுல வந்து கிடந்துச்சு. அவங்க அழுததை பக்கத்துல இருந்து பாத்ததுக்கப்புறம்தான் யாருக்கு செட் பண்ணி குடுத்தாலும் கோடு எழுதற வரைக்கும் நான் எழுந்திருக்கறதே இல்ல.

9. ஒரு பாஸ்வேர்ட் மேனேஜர், ஒரே ஒண்ணு

பாஸ்வேர்ட் மேனேஜர்னா எல்லா பாஸ்வேர்டையும் ஒரே இடத்துல பூட்டி வச்சு, லாகின் பேஜ்ல தானா நிரப்பற ஆப். எது நல்லதுன்னு ரொம்ப பேரு வாரக்கணக்குல தேடிட்டே இருக்காங்க. ஆண்ட்ராய்டும் குரோமும் மட்டும்னா கூகுளோடதே போதும். எல்லாமே ஆப்பிள்னா அவங்களோடது. ரெண்டும் கலந்திருந்தா பிட்வார்டன், இலவச கணக்குலயே எத்தனை சாமான்ல வேணும்னாலும் போட்டுக்கலாம். இன்டர்நெட்லயே வைக்க வேண்டாம்னு நினைக்கறவங்களுக்கு கீபாஸ்எக்ஸ்சி, எல்லாம் ஒரே ஃபைல்ல உங்ககிட்டயே இருக்கும், ஆனா அந்த ஃபைலோட காப்பியை பென்டிரைவ்ல எடுத்து வைக்கற பொறுப்பு உங்களோடது.

தனி மேனேஜர்னா மாஸ்டர் பாஸ்வேர்டு ஒண்ணு வேணும். சம்பந்தமில்லாத அஞ்சு சொல்லு. இதை மறந்தா பிட்வார்டன் கம்பெனியாலயே தொறக்க முடியாது. அதனால காகிதத்துல எழுதி, பேக்கப் கோடோட சேத்து கவர்ல போட்டு, பீரோவுல பத்திரம் இருக்கற இடத்துல வைங்க. காகிதத்துல எழுதக்கூடாதுன்னு சொல்லி பயமுறுத்தறவங்க பேச்சை இந்த ஒரு விஷயத்துல கேக்காதீங்க, உலகத்துல எங்கயோ உக்காந்திருக்கற திருடனால உங்க பீரோவை தொறக்க முடியாது.

இது ஏன் வேணும்னா, நீளமான பாஸ்வேர்டுக்காக மட்டும்னு நினைக்காதீங்க. மேனேஜர் வெப்சைட் அட்ரஸை பாத்துத்தான் நிரப்பும். பேங்க் பேஜ் மாதிரியே ஒரு போலி பேஜ் வந்தா உங்க கண்ணு ஏமாறும், அது நிரப்பாம நிக்கும். வழக்கமா நிரப்பற இடத்துல நிரப்பலன்னா கையால டைப் பண்ணாம அட்ரஸை எழுத்து எழுத்தா படிங்க.

10. பழசை கொண்டு வந்து, தடயத்தை அழிக்கறது

பிரவுசரோடதையே மேனேஜரா வச்சுக்கறவங்க இந்த பகுதியை விட்டுடுங்க, இது வேற மேனேஜருக்கு மாறுறவங்களுக்கு மட்டும். பிரவுசர்ல எக்ஸ்போர்ட் குடுத்தா சிஎஸ்வின்னு ஒரு ஃபைல் வரும், அதை புது மேனேஜர்ல இம்போர்ட் பண்ணுங்க. அந்த ஃபைலுக்கு எந்த பூட்டும் கிடையாது, நோட்பேட்ல தொறந்தா எல்லா பாஸ்வேர்டும் வரிசையா தெரியும். இம்போர்ட் சரியா வந்துச்சான்னு நாலஞ்சு லாகின் பாத்துட்டு உடனே அழிங்க, ரீசைக்கிள் பின்லயும் அழிங்க, டவுன்லோட்ஸ் ஃபோல்டர் தானா டிரைவ்ல ஏறுற மாதிரி இருந்தா அங்கயும் போய் அழிங்க. இதை மெயில்லயோ வாட்ஸ்அப்லயோ ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து இன்னொண்ணுக்கு அனுப்பாதீங்க.

அதுக்கப்புறம் பிரவுசர்ல இருக்கற பழசை அழிச்சு, சேவ் பண்ணவான்னு கேக்கறதை ஆஃப் பண்ணுங்க. விட்டா ரெண்டு இடத்துலயும் வேற வேற பாஸ்வேர்டு சேந்து எது சரின்னு தெரியாம போகும்.

11. மாத்தற வரிசை

எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க, ஒரு நாளைக்கு அஞ்சு போதும். மெயில் முடிஞ்சுது. அடுத்து பேங்க், பணம் போற ஆப். அப்புறம் ஃபேஸ்புக், இன்ஸ்டா மாதிரி உங்க பேர்ல அடுத்தவன் பேசக்கூடிய இடங்க, வாட்ஸ்அப்புக்கு டூ ஸ்டெப் பின். அதுக்கப்புறம் ஒரே பாஸ்வேர்டை பல இடத்துல போட்டது. கூகுள்லயே சேமிச்சு வச்சிருந்தா அதோட பாஸ்வேர்ட் செக்அப்ல எது கசிஞ்சிருக்கு, எது ரிப்பீட் ஆகுதுன்னு காட்டும். ஒரு சின்ன வெப்சைட்ல கசிஞ்ச மெயிலையும் பாஸ்வேர்டையும் மெஷின் வச்சு நூறு இடத்துல போட்டு பாக்கறாங்க, அதனாலதான் ரிப்பீட்டுக்கு இந்த இடம்.

யூபிஐ பின்னும் ஏடிஎம் பின்னும் மேனேஜர்ல வேண்டாம், அது மனசுல மட்டும்.

12. வீட்டுல இன்னொருத்தருக்கு தெரியணும்

நோட்டும் கவரும் எங்க இருக்குன்னு மனைவிக்கோ கணவருக்கோ அம்மாவுக்கோ ஒருத்தருக்கு காட்டுங்க, ஒரு தடவை அவங்க கையாலயே தொறந்து பாக்க சொல்லுங்க. ஆஸ்பத்திரில ஒருத்தர் படுத்திருக்கும்போது இன்சூரன்ஸ் பேப்பர் மெயிலுக்குள்ள மாட்டிக்கிட்ட வீட்டை நான் பாத்திருக்கேன், அந்த நேரத்துல யாரையும் போய் கேக்க முடியாது.

பணம் போயிட்டா யோசிச்சுட்டு இருக்காம உடனே 1930க்கு கூப்பிடணும்ங்கறதையும் அந்த நோட்டுலயே முதல் பக்கத்துல எழுதுங்க. சீக்கிரம் சொன்னாத்தான் நடுவுல பணத்தை நிறுத்த வாய்ப்பிருக்கு.

ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ரவுட்டர்ல கனெக்டட் லிஸ்ட்டை எண்ணுங்க, ஃபர்ம்வேர் பாருங்க. வீடு காலி பண்ணும்போதோ கம்பெனி மாத்தும்போதோ டப்பாவை திருப்பி குடுக்கற அன்னைக்கு, லைன் கட் ஆனதுக்கப்புறம், அந்த சின்ன ஓட்டைக்குள்ள ஊசியை விட்டு லைட்டெல்லாம் அணைஞ்சு எரியற வரைக்கும் அமுக்கி பிடிச்சுட்டு குடுங்க.